விளமீனுக்குப் பிள்ளைகள் இல்லை

நஸீராவின் வாப்பா அப்துல் அஜீஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். கீழக்கரையில் சங்கு வியாபாரம். மகள் கம்ப்யூட்டர் என்ற ஒன்றுக்கு வேலை ஏவப் படிக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, கடைக்கு வந்த ஆள் சங்கு வாங்கினாரோ இல்லையோ, அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளாமல் படி இறங்க முடியாது.

"எம்மக மிசின்கிட்ட பேசுறா. பட்டணத்துல இருக்கு, ஒரு ரூம்பு தண்டிக்கு. கவர்னரே வந்து நின்னாலும் வாயத் தொறக்காதாம். எம்மக ஒரு அட்டையக் குடுத்தான்னா கடகடன்னு பதில் சொல்லிரும்."

உண்மை என்னவென்றால், நஸீரா அதுவரை அந்த மெஷினைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. அவள் வைத்திருந்த சைக்ளோஸ்டைல் புத்தகத்தில் மெஷினின் படம் மை இழுகி, புகை பிடித்த அடுப்பங்கரை மாதிரி இருந்தது. வாப்பாவிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. அவர் காதில் விழாது.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோய் நாலு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நஸீரா விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, தொண்டி ரோட்டில் இருந்த ஒரு சின்ன மீன் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். ஒரு ஜீப், இரண்டு மைக்ராஸ்கோப், எங்கே திரும்பினாலும் ஃபார்மலின் வாடை. அதிகாரி குருநாதன், நல்ல மனுஷர், ஆனால் மேலிடத்திலிருந்து தபால் வந்தால் பிரிப்பதற்கு முன்பே வியர்ப்பார். கூட வேலை பார்த்த செல்லச்சாமி முதுகுளத்தூர்க்காரர். மிளகாய்க் காட்டிலிருந்து வந்து மீனை அளக்கிறோமே என்ற ஆச்சரியம் அவருக்கு இன்னும் தீரவில்லை. கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் ஒரு பழைய மெஷின் அவர் மேசையில் இருந்தது. அதை மாட்டைத் தடவுவது போலத் தடவிவிட்டுத்தான் வேலை தொடங்குவார்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. கடற்கரை நிலையங்களில் வேலை பார்க்கும் யாராவது சொந்தமாக ஒரு ப்ரோகிராம் எழுதி, தாங்கள் சேர்த்த மீன் கணக்கை அதில் போட்டு, உருப்படியான முடிவு ஒன்றைக் கொண்டுவந்தால், சென்னையில் அந்த மெஷினோடு இரண்டு வருஷம் படிக்கலாம். எல்லா நிலையத்துக்கும் சேர்த்து ஒரே இடம்.

அந்த இடத்துக்கு ஆசைப்பட்டது போல நஸீரா எதற்கும் ஆசைப்பட்டதில்லை. நகைக்கு ஆசைப்படவில்லை, பட்டுக்கு ஆசைப்படவில்லை, இதற்கு மட்டும் ராப்பகலாய் ஏங்கினாள். காரணம் கேட்டால் ஒன்றுதான் சொல்வாள். பிறந்ததிலிருந்து அவள் எங்கே போனாலும் முதல் கேள்வி, "நீ யார் வீட்டுப் புள்ள?" பதிலைக் கேட்ட பிறகுதான் நாற்காலி வரும், டீ வரும், பேச்சு வரும். இந்த மெஷின் அதைக் கேட்காது. ராஜா எழுதினாலும் ரோஜா எழுதினாலும் கமா விட்டுப்போனால் தூக்கி எறியும். சரியாக எழுதினால் சொன்னதைச் செய்யும். அடேயப்பா, உலகத்தில் இப்படியும் ஒன்று இருக்கிறதா என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஃபோர்ட்ரான் என்பது அந்த மெஷினுக்குப் புரிகிற பாஷை. ஒவ்வொரு வரியும் ஓட்டை குத்திய ஒரு அட்டை. அட்டையில் வரிசையாகக் கட்டங்கள். வாக்கியம் ஏழாவது கட்டத்தில்தான் தொடங்க வேண்டும், ஆறில் தொடங்கினால் தொலைந்தது. அவள் தாளில் எழுதித் தபாலில் அனுப்பிய முதல் ப்ரோகிராம் நன்றாக ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது, வரிக்கு வரி தப்பு என்று. அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி எழுதினாள்.

சொன்னதை மட்டும் செய்யும், சொல்லாததைச் செய்யாது என்ற அந்தக் குணம் பிடிபடுவதற்காக, லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது வாப்பாவையே மெஷினாக்கிப் பார்த்தாள். தாளில் எழுதியிருப்பதை அவள் படிப்பாள், அவர் அப்படியே செய்ய வேண்டும், டீ போட வேண்டும். அவரும் குஷியாக இறங்கினார். அடுப்பைப் பற்றவைத்தார், தண்ணீரை ஊற்றினார், கெட்டிலைத் தூக்கினார், நின்றார்.

"என்னா வாப்பா நிக்கிறீங்க?"

"கீழ வைன்னு நீ சொல்லலியே."

"கை சுடலியா?"

"சுடுதுதான். மிசினுன்னா சும்மாவா?"

உம்மா லத்தீபா ஓடி வந்து கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டு இருவரையும் அடுப்பங்கரையை விட்டு விரட்டினாள். தன் ப்ரோகிராமில் எங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று நஸீராவுக்கு அன்று விளங்கிவிட்டது. வாப்பாவின் கை கொப்பளித்தது வீண்போகவில்லை.

இனி மீன் கதைக்கு வருவோம். நஸீராவின் பொறுப்பு விளமீன். வாராவாரம் ஜீப் திருப்பாலைக்குடிக்குப் போகும். அங்கே, கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலை போடுகிற சம்மாட்டி கபீர். வலையும் அவருடையது, வலையைக் கடலுக்குள் கொண்டுபோகும் வத்தையும் அவருடையது. கரைக்கு வந்த மீனில் கொஞ்சத்தை விலைக்கு வாங்கி, ஒவ்வொன்றையும் பலகையில் கிடத்தி, தலையிலிருந்து வால் வரைக்கும் அளந்து எழுத வேண்டும். செல்லச்சாமி தன் காரல் மீனுக்காகப் போனால் மணலிலேயே நிற்பார், காக்கையோடு காக்கையாக, மீன் கிடக்கும் வலையின் மடிப்பக்கம் குனிந்து அள்ளிக்கொள்வார். நஸீராவை நிற்க விடுவார்களா? அப்துல் அஜீஸ் மகள் வெயிலில் நிற்பதா! கபீரின் மனைவி சுலைகா வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவாள். பாய் விரிப்பார்கள், இஞ்சி டீ வரும், வட்டலப்பம் வரும். அப்புறம் மீன் அவளைத் தேடிக்கொண்டு வரும், ஓலைப்பெட்டியில், கழுவி வேறு. ஒரு வருஷம் இப்படியே நடந்தது. அவளுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தானே நடக்கிறது.

அட்டைகளோடு சென்னைக்குப் போகும் நாளும் வந்தது. துணைக்கு வாப்பா. ரயிலில் அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மெஷின் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பெண்! ராமலெட்சுமி என்று பெயர், சிவகங்கைப் பக்கத்து ஊர். மூக்குக் கண்ணாடி, இழுத்துச் செருகிய முந்தானை. பெரிய பெரிய எஞ்சினியர்கள் அவர் முன்னால் அட்டைக் கட்டோடு வரிசையில் நின்றார்கள். அதைப் பார்த்ததும் நஸீராவின் ஆசை இரண்டு மடங்காகிவிட்டது.

வாப்பா, கொண்டுவந்த தொதல் அல்வாப் பொட்டலத்தை நீட்டினார். "இதையும் மிசினுக்குக் குடுக்கலாமாம்மா?"

"அதுக்கு அட்டை போதும். இது எனக்கு," என்று ராமலெட்சுமி வாங்கிக்கொண்டார்.

மெஷின் அட்டைகளை விழுங்கியது. முதல் தடவை ஒரு கமாவுக்காகத் துப்பியது. நஸீரா அந்த ஒரு அட்டையை மட்டும் புதிதாகக் குத்திக்கொடுத்தாள். மறுபடி விழுங்கியது, யோசித்தது, தடதடவென்று அச்சடிக்கத் தொடங்கியது. "சொன்னேன்ல!" என்று வாப்பா போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற எஞ்சினியர் ஒருவர் கையிலிருந்த அட்டைக் கட்டை நழுவவிட்டார்.

ராமலெட்சுமி தாளை மேலிருந்து கீழே பார்த்தார். இந்த நீளத்துக்கு இத்தனை மீன், அந்த நீளத்துக்கு அத்தனை மீன் என்று வரிசை. பெரிய மீனுக்கு எதிரே நல்ல நல்ல எண்கள். சின்ன மீனுக்கு எதிரே சைபர், சைபர், சைபர்.

"ப்ரோகிராம் சுத்தமா இருக்கும்மா. குத்தம் சொல்ல முடியாது," என்றார். "ஆனா உங்க ஊரு விளமீன் பொறக்கும்போதே பெருசாத்தான் பொறக்குமா?"

நஸீரா சிரித்துவைத்தாள். ஆனால் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சைபர்கள் கண்ணை உறுத்தின. நிலையத்துக்கு வந்ததும் செல்லச்சாமியைக் கெஞ்சிக் கணக்கைக் கையாலும் போட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் சுற்றோ சுற்றென்று சுற்றினார்.

"நஸீராம்மா, ஒம்ம பட்டணத்து மிசினும் எம்ம மேசை மிசினும் ஒரே பேச்சுத்தான் பேசுதுக. குஞ்சு கெடையாது."

குருநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "குஞ்சே இல்லைன்னா என்ன அர்த்தம்? கடல் வத்திக்கிட்டு வருதுன்னு அர்த்தம்! கரைவலையைக் கொஞ்ச காலத்துக்கு நிப்பாட்டணும்னு எழுதப்போறேன். எந்த நிலையத்துலயும் இப்படி ஒரு முடிவு வந்திருக்காது. அந்த இடம் ஒனக்குத்தாம்மா, எழுதி வச்சுக்க." மாசக் கடைசிக்குள் அறிக்கை போய்விட வேண்டும் என்று அன்றே டைப் அடிக்க உட்கார்ந்தார்.

வாப்பா சும்மா இருப்பாரா? வீட்டில் விருந்து வைத்துவிட்டார். கூடத்தில் ஆண்கள், உள்ளே பெண்கள். கூடத்திலிருந்து அவர் குரல் அடுப்பங்கரை வரை கேட்டது. மெஷின் இப்போது அவர் பேச்சில் மூன்று மாடி உயரத்துக்கு வளர்ந்திருந்தது. உம்மா, நஸீராவின் தட்டில் ஒரு முழு விளமீனைப் பொரித்து வைத்தாள். தட்டுக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டு நின்றது.

"இம்புட்டுப் பெருசா? நீங்க என்னா வச்சிருக்கீங்க, காட்டுங்க."

உம்மாவின் தட்டில் விரல் நீளத்துக்கு நாலு பொடி மீன். நஸீரா குனிந்து பார்த்தாள். சின்னதுதான், ஆனால் வாயும் செதிலும் பொய் சொல்லுமா? விளமீன் குஞ்சுகள்.

"இது ஏது உம்மா?"

"விருந்துக்குத் திருப்பாலைக்குடி யாவாரிக்கிட்ட கூடையோட வாங்குனது. பொடியும் கெடந்துச்சு, ஆய்ஞ்சு போட்டேன்."

"எனக்கு ஏன் வைக்கல?"

"நல்லாருக்கே நீ பேசுறது! விருந்தாளி மாதிரி எப்பவாச்சும் வார புள்ளைக்குப் பொடிய வைப்பாங்களா? பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்க?"

நஸீரா தன் தட்டைத் தள்ளி வைத்தாள். கழுவிய ஓலைப்பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வருஷமாக அந்தப் பெட்டியில் ஒரு சின்ன மீன் வந்ததுண்டா? எப்படி வரும்? கபீர் மாமா விருந்தாளிக்கல்லவா கொடுத்தார்! கடலில் குஞ்சு இல்லாமல் இல்லை. அவளுக்குக் கொடுக்கத் தகுந்த குஞ்சுதான் இல்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத மெஷினிடம், யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துப் பொறுக்கிய மீனைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. கோபமாகவும் வந்தது, உம்மா மேல், வட்டலப்பத்தின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல். இன்றைக்கு இந்தத் தட்டைப் பார்க்காமலே இருந்திருக்கக்கூடாதா என்றும் நினைத்தாள். அறிக்கை போயிருக்கும், இடம் கிடைத்திருக்கும், ராமலெட்சுமிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அப்புறம் அந்த மெஷின் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது? கபீர் மாமாவின் வலையைப் பரணில் ஏற்றிவிட்டு அவர் வீட்டு டீயை எப்படிக் குடிப்பது? அந்த விளமீனை அவள் சாப்பிடவே இல்லை.

மறுநாள் குருநாதனிடம் சொன்னாள். அவர் டைப் அடித்த தாள்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாள்களைப் பார்த்தார்.

"ஒரு வருஷத்துக் கணக்கும்மா!"

"தப்பான கணக்கு சார்."

"மெஷின் சரின்னுதானே சொல்லுச்சு?"

"நான் போட்டதைத்தான் சார் அது சொல்லும்."

வெகு நேரம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கடைசியில், "மாசக் கடைசி வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். அதுக்குள்ள சரியான மீனை அளந்து, பட்டணத்துல ஓட்டி எடுத்துக்கிட்டு வந்துரு. இல்லைன்னா ஒம் பேரை அடிச்சுட்டுத்தான் நான் மேல எழுத முடியும். கோவிச்சுக்காதம்மா," என்றார். அந்த மட்டில் நல்ல மனுஷர்தான்.

நஸீரா திருப்பாலைக்குடிக்கு ஓடினாள். பொடி மீனும் வேண்டும் என்றதும் கபீர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அஸ்தஃபிருல்லா! ஒனக்கா? நாளைக்கு ஒன் வாப்பா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கெஞ்சினாள், மிரட்டினாள், வலையே நின்றுபோகும் என்று விளக்கினாள். சரி என்றார். பாயில் உட்காரவைத்தார்கள், டீ வந்தது, பெட்டியும் வந்தது. திறந்து பார்த்தால் பொடி மீன்தான். ஆனால் எப்படிப்பட்ட பொடி! ஒன்றுபோல ஒன்று, ஒரே நீளம், செதில் சிதையாமல், முத்துக் கோத்த மாதிரி. சின்னதிலும் நல்லதாகப் பொறுக்கி எடுத்திருந்தார் மனுஷர். நஸீராவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"மாமா, யாருக்குத்தான் நீங்க பொறுக்காமக் குடுப்பீங்க?"

"இதென்ன கேள்வி? கயிறு இழுக்குறவங்களுக்குத்தான். அவுக பங்கைக் கூடையில அள்ளிப் போடுவேன். பெருசு விழுந்தாலும் சரி, பொடி விழுந்தாலும் சரி. அதுல போயிப் பொறுக்க முடியுமா, சண்டையில்ல வந்துரும்?"

நஸீரா டீயைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள், ராமலெட்சுமி செருகியிருந்த மாதிரியே. "இதென்னா வம்பு!" என்று சுலைகா பின்னால் ஓடி வருவதற்குள் மணலில் இறங்கி, கயிற்று வரிசையின் வாலில் போய் நின்று பிடித்துவிட்டாள்.

கரைவலைக் கயிறு லேசுப்பட்டதல்ல. அந்தப் பக்கம் ஒரு வரிசை, இந்தப் பக்கம் ஒரு வரிசை, நடுவில் கடல். கடல் விட்டுக்கொடுக்குமா? முதல் நாளே உள்ளங்கை உரிந்தது. இழுக்கிறவர்கள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அப்புறம் குதிகாலை மணலில் எப்படி ஊன்றுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் மறந்தே போனார்கள். "ஏ புள்ள, தூங்குறியா? இழு!" என்று முன்னால் நின்ற ஒருவர் அதட்டியபோது நஸீராவுக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்லி மாளாது. தினமும் பங்கு வந்தது. பெரியதும் பொடியும் குஞ்சும் மணலும் பாசியுமாகக் கலந்து வந்தது. கை எரிய எரிய அவள் அளந்தாள், செல்லச்சாமி எழுதினார்.

கீழக்கரைக்குச் செய்தி போக எவ்வளவு நேரமாகும்? ஒரு நாள் பஸ்ஸிலிருந்து அப்துல் அஜீஸ் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தொப்பி. மணல் மேட்டில் நின்று பார்த்தார். மூன்று மாடி மெஷினோடு பேசுகிற மகள், சேலையில் சேறோடு, கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

கபீர் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தார். "காக்கா, நான் வேணாம்னுதான் சொன்னேன். அல்லா அறிய..."

"இது என்னா கோலம், நஸீரா?"

நஸீரா திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் கயிற்றை விடவில்லை. விட்டால் வரிசை சரியும்.

"அந்த மிசினுக்கு மீன் எடுக்குறேன் வாப்பா. முன்னக் குடுத்தது பூரா எம்மேல உள்ள மரியாதைக்குக் குடுத்த மீனு. அது சொன்ன பதிலும் பொய்யாப் போச்சு. ஒங்க மகளா வந்தா இங்கன எனக்கு நெசமான மீனு கெடைக்காது. கூலியா வந்தாத்தான் கெடைக்குது."

அவர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மகளின் உள்ளங்கையைப் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றினார், கைலியை மடித்துக் கட்டினார், மகளுக்குப் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தார். குதிகாலை ஊன்றத் தெரியாமல் ஒரு தடவை மல்லாக்க விழுந்து எழுந்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே தனக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஆளிடம் தொடங்கிவிட்டார். "எம்மக மிசின்கிட்ட பேசுறா, தெரியுமா?"

மடி கரைக்கு வந்தது. எல்லோருக்கும் அள்ளிப் போட்ட கபீர், அப்பாவும் மகளும் நின்ற இடத்துக்கு வந்ததும் தடுமாறினார். பழகிய கை, தானாகப் போய் வாட்டசாட்டமான ஒரு விளமீனின் வாலைப் பிடித்தது.

"கபீரு," என்றார் அப்துல் அஜீஸ். "பொறுக்காதே. அள்ளு."

கபீர் மீனைப் போட்டுவிட்டுக் கூடையால் அள்ளிக் கொட்டினார். விரல் நீளத்தில், நகத்து நீளத்தில், வெள்ளிச் சில்லறை சிதறுவது போல விளமீன் குஞ்சுகள் அவர்கள் காலடியில் துள்ளின. நஸீரா மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். வாப்பாவுக்கு அது புரிய அவளைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

மாசக் கடைசிக்குள் புது அட்டைகள் சென்னைக்குப் போயின. ப்ரோகிராமில் ஒரு எழுத்தும் மாறவில்லை, மீன் மட்டும் மாறியிருந்தது. சைபர்கள் இருந்த இடமெல்லாம் நிறைந்து வந்தது. ராமலெட்சுமி தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இங்க வாரவங்க எல்லாரும் மெஷின் தப்புன்னு சொல்லிக்கிட்டு வருவாங்கம்மா. நான் தப்புன்னு சொல்லிக்கிட்டு வந்தது நீ ஒருத்திதான். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரு." குருநாதன் வலை நிறுத்தத்தைப் பற்றி எழுதியிருந்த தாள்களைக் கிழித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வேறு அறிக்கை அனுப்பினார். அந்த இடம் நஸீராவுக்கே வந்தது.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், உம்மா அவள் தட்டில் கையை விட்டு அள்ளிய பொடி மீனைப் போட்டாள். ஒரே முள். நஸீரா கடைசி முள் வரை சப்பிச் சாப்பிட்டாள்.

கீழக்கரையில் சங்கு வாங்கப் போகிறவர்களுக்கு இப்போது வேறு செய்தி. மெஷின் பேச்சு பின்னால்தான் வரும். அப்துல் அஜீஸ் முதலில் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். "இந்தத் தழும்பு கெட்டில் சுட்டது, இது கயிறு அறுத்தது. ரெண்டும் எம்மக படிச்ச படிப்பு," என்பார்.